ஒட்ட வேண்டியதும் ஒட்டக் கூடாததும்

கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை. வாயைப் பிளந்தபடி பல் மருத்துவரின் நாற்காலியில் கிடந்தேன். அவர் துளைத்து முடித்தார். நீலக் களிம்பு ஒன்றைக் குழிக்குள் வைத்தார். கழுவினார், காற்றடித்தார், எதையோ பூசினார், நீல விளக்கைக் காட்டினார். பிறகு பசை மாதிரி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்தத் தொடங்கினார். அப்போதுதான் உறைத்தது: இதே வேலையை மூன்று வாரத்துக்கு முன் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே பல்லுக்குப் பதில் வால்நட் மரக்கட்டை இருந்தது.

இடம், மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டு கராஜ். நவம்பர் 15 அங்கே துப்பாக்கியோடு மான் வேட்டைக்குக் கிளம்பும் நாள். அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் கராஜ்களில் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டேயிருக்கும். உடன் வேலை பார்த்த நண்பர் தம்முடைய ரெமிங்டன் 700 ரைஃபிளைக் கழற்றி, தோட்டாவைப் பூட்டிச் சுடும் அதன் எஃகு உடலை, அதாவது ஆக்‌ஷனை, மரக்கட்டைக்குள் எபாக்ஸிப் படுகை போட்டு உட்கார வைத்தார். அமெரிக்கர்கள் இதை 'கிளாஸ் பெட்டிங்' என்கிறார்கள். பிசினோடு கண்ணாடி இழைத்தூளைக் கலப்பதால் வந்த பெயர். குழாய் ஒழுகினால் நாம் பிசைந்து அப்புகிறோமே எம்-சீல், அதற்குக் கொஞ்சம் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று உயிரோடிருக்கும் உறுப்பு, மற்றது உயிரை எடுக்கும் கருவி. இதற்கு மேல் அந்த வேற்றுமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வியப்பளித்தது ஒற்றுமைதான். இரண்டிலும் ஒரு குழி. இரண்டிலும் கண்ணாடி கலந்த பிசின். பல்லில் கடியின் அழுத்தம், ரைஃபிளில் பின்னுதைப்பின் அடி. ஆனால் ஒற்றுமையைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து போனால், இரண்டு வேலைகளும் ஓரிடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன் பழைய கதை கொஞ்சம்.

பிசின் வருவதற்கு முன்னால் இரு தொழிலிலும் பொருத்தம் என்பது செதுக்கிப் பெறவேண்டிய ஒன்று. பழைய துப்பாக்கிக் கைவினைஞர் எஃகின் அடிப்பக்கத்தில் விளக்குப் புகையைப் பிடிப்பார். கரி படிந்த எஃகைக் கட்டைக்குள் இறக்கி அழுத்தி எடுப்பார். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் உயர்ந்த இடம். அதை மட்டும் ஓர் இழை சீவுவார். மறுபடி புகை, மறுபடி அழுத்தம், மறுபடி சீவல். குழி முழுதும் சீராகக் கறுத்தால்தான் வேலை முடிந்தது. நாட்கணக்கில் ஆகும்.

பல் மருத்துவர் அந்தப் புகையை இன்னும் கைவிடவில்லை. பில் புத்தகக் கார்பன் தாளின் தங்கை போன்ற ஒரு நிறத்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, 'கடிங்க, அரைங்க' என்கிறார். சிவப்போ நீலமோ அழுந்தப் பதிந்த புள்ளி உயர்ந்த இடம்; அதை மட்டும் ராவுகிறார். கைவினைஞர் மரத்தில் தேடியதும் மருத்துவர் பல்லில் தேடுவதும் ஒரே புள்ளிதான். விளக்குக்கரி போய் நிறத்தாள் வந்ததே தவிர முறை மாறவில்லை.

ஆனால் குழி வெட்டும் விதத்தில் இருவரும் நேர் எதிர். கைவினைஞரின் குழிக்குச் சுவர்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். வாய்ப்புறம் அகன்றிருந்தாலும் பாதகமில்லை, உள்ளே அகன்றுவிடக் கூடாது. அகன்றால் அந்த இடத்தில் எஃகு மரத்தைத் தொடாது. பல் மருத்துவத்துக்கு இலக்கணம் எழுதிய அமெரிக்கர் கிரீன் வார்டிமன் பிளாக் சொன்னதோ வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வகுத்த முறைப்படி, பாதரசக் கலவை அடைக்கும் குழி உள்ளே அகன்று வாயில் குறுகியிருக்க வேண்டும். வாய் குறுகிய குடத்துக்குள் கையை விட்டு விரல்களை மடக்கிக்கொண்டால் கை வெளியே வராது அல்லவா, அதே உபாயம். பாதரசக் கலவைக்குப் பல்லோடு ஒட்டும் குணம் கிடையாது. எனவே அதைச் சிறைபிடித்தாக வேண்டும். சிறைக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் பலி கொடுக்க வேண்டியிருந்தது. பிளாக்கின் இன்னொரு கொள்கையான, சொத்தை பரவக்கூடிய இடம்வரை முன்கூட்டியே வெட்டிவிடுவதும் சேர்ந்து, அரைப் பல்லை விழுங்கிய வெள்ளி அடைப்புகளை நம் தாத்தா பாட்டிகளின் வாயில் உட்கார வைத்தது.

அடுத்த திருப்பம் இரு தொழிலுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எபாக்ஸி அமெரிக்கச் சந்தையில் பரவியது. பொருத்தத்தைச் செதுக்கிப் பெறத் தேவையில்லை, ஊற்றியும் பெறலாம் என்று துப்பாக்கி வேலைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அயோவா மாநிலத்தின் மான்டிசூமா என்ற சிற்றூரிலிருந்து பிரௌனெல்ஸ் நிறுவனம் விற்ற 'அக்ராகிளாஸ்' பெட்டி, உளி பிடிக்கத் தெரியாதவரையும் இந்த வேலையில் இறக்கியது. பிசின், கெட்டியாக்கி, கண்ணாடித்தூள், கட்டையின் நிறத்துக்குக் கொண்டுவரச் சாயம், எஃகோடு ஒட்டாமலிருக்கப் பூசும் திரவம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். 1960களில் அமெரிக்க ராணுவப் பணிமனைகளும் போட்டிக்குரிய எம்14 ரைஃபிள்களை இப்படித்தான் படுகை போட்டுத் தயாரித்தன.

1950களில் ரஃபேல் போவன் என்ற பல் மருத்துவர், அதே எபாக்ஸியில் தூளைக் கலந்து பல் அடைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறுகுவதற்கு நேரம் அதிகமானதுதான் சிக்கல். கராஜில் 24 மணி நேரம் காத்திருக்கலாம். வாயைத் திறந்துகொண்டு யார் காத்திருப்பார்கள்? எபாக்ஸியின் முதுகெலும்பையும் விரைவில் இறுகும் அக்ரிலிக்கின் முனைகளையும் சேர்த்து அவர் உண்டாக்கிய மூலக்கூறுக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பல அடைப்புகளில் அதுவோ அதன் வழித்தோன்றலோ இருக்கிறது. அதில் எடைக்கு முக்கால் பங்குபோல நுண்ணிய கண்ணாடியும் சிலிக்காவும். ஆக, என் கடைவாய்ப் பல்லில் இருப்பதும் நண்பரின் ரைஃபிள் கட்டையில் இருப்பதும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, ஊர்த் திருவிழாவில் எதிர்பாராத சொந்தக்காரரைப் பார்த்த மகிழ்ச்சி.

உறவு இன்னும் ஒரு சுற்று போகிறது. பிசின் பல்லில் பிடிப்பதற்கு வழி கண்டவர் ராச்செஸ்டர் நகரத்து மைக்கேல் புவனகோர். 1955இல் அவர் பாஸ்பாரிக் அமிலத்தைப் பல் எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினால், பிசின் பற்றிக்கொள்வதைக் காட்டினார். அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? தொழிற்சாலையிலிருந்து. உலோகத்தின் மேல் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக அங்கே அதே அமிலத்தைப் பூசிவந்தார்கள். பட்டறைக்காரனின் கைப்பக்குவம் மருத்துவமனைக்குள் நுழைந்த கதை இது. நீலக் களிம்பு என்றேனே, அதுதான் அந்த அமிலம். இப்போது ஏறக்குறைய 37 சதவீதம். அது எனாமலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பறிக்கிறது. பிசின் அதற்குள் இறங்கி வேர்விடுகிறது. பிளாக் ஒரு பெரிய குடத்தை வெட்டினார் என்றால், புவனகோர் கோடிக்கணக்கான குட்டிக் குடங்களை வெட்டினார்.

நண்பரும் மரத்தை அப்படித்தான் தயார் செய்தார். பழைய எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டினார். படுகை வரவேண்டிய இடத்தில் சிறு துளைகள் போட்டு, பரப்பைக் கரடுமுரடாக்கினார். பிசின் மரத்தை விட்டு என்றைக்கும் பிரியக் கூடாது. இதுவரை இருவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். இதற்குப் பின்தான் நான் சொன்ன அந்த இடம் வருகிறது.

பல் மருத்துவருக்குப் பிசின் எல்லாப் பக்கமும் ஒட்ட வேண்டும். ரைஃபிள்காரருக்கு ஒரு பக்கம் ஒட்ட வேண்டும், மறுபக்கம் ஒருநாளும் ஒட்டக் கூடாது. மரத்தோடு பிணைந்த அந்தப் பிசின் எஃகின் அச்சாக இறுக வேண்டுமே தவிர எஃகைப் பற்றக் கூடாது. நண்பரின் அன்றைய உழைப்பில் முக்கால் பங்கு இதற்கே போனது. எஃகு முழுதும் மெழுகைப் பூசித் துடைத்து, மறுபடி பூசினார். திருகுகளுக்கும் திருகு மரைக்கும்கூட மெழுகு. விசை இயங்கும் பொந்து, தோட்டாப் பெட்டியின் பள்ளம், சிறு துளைகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணைத் திணித்து மட்டமாகச் சீவினார். காரணம் அதே குடம்தான். பிசின் ஒரு பொந்துக்குள் புகுந்து இறுகிவிட்டால் மெழுகு இருந்தும் பயனில்லை; எஃகு சிறைப்பட்டுவிடும். பிளாக் ஆசைப்பட்டு வெட்டிய உள்ளகல் குழி இங்கே பெரும் சத்துரு.

நண்பருக்கு முதல் முயற்சியில் இது நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ரைஃபிளில், பின்பக்கத் துளை ஒன்றில் களிமண் வைக்க மறந்துவிட்டார். மறுநாள் கட்டையும் எஃகும் கணவன் மனைவி மாதிரி பிரிய மறுத்தன. ரப்பர்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் முழுத் துப்பாக்கியையும் இரவெல்லாம் பெரிய ஃப்ரீசரில் படுக்க வைத்தாராம். குளிரில் எஃகும் மரமும் வேறு வேறு அளவில் சுருங்க, காலையில் ஒரு தட்டுக்கே விட்டுக்கொடுத்தது. மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே துப்பாக்கியைப் பார்த்த அவர் மனைவி என்ன சொன்னார் என்பதை அவர் சொல்லவில்லை.

பல் மருத்துவரும் ஒட்டக் கூடாத வேலை ஒன்றைச் செய்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பல்லைச் சீவி உறை போடும்போது, நிரந்தர உறை வரும்வரை இருக்கும் தற்காலிக உறையை வாயிலேயே அக்ரிலிக்கில் வார்ப்பதுண்டு. அப்போது அவர் பல்லில் வாசலின் தடவுகிறார். அக்ரிலிக் ரப்பர் பதத்துக்கு வந்ததும் ஒருமுறை கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றுகிறார். முழுதாக இறுகிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பக்கத்துப் பல்லின் வளைவில் சிக்கிக்கொள்ளும். மெழுகு, வாசலின், பதம் பார்த்து அசைத்தல்: கராஜில் நான் பார்த்த அத்தனையும் இங்கே உண்டு. பல்லை அடைப்பதை விட, பல்லுக்கு உறை வார்ப்பதே ரைஃபிளுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

இறுகும் நேரத்தில் இருவரும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: உள்ளே பூட்டப்பட்ட அழுத்தம். நண்பர் எஃகைப் பிசினுக்குள் இறக்கியபின் திருகுகளை இறுக்கவே இல்லை. தலையில்லாத வழிகாட்டித் திருகுகள் இடத்தை மட்டும் காட்டின. ரப்பர்க் குழாயைச் சுற்றி மெல்லப் பிடித்துக் கட்டினார். திருகை முறுக்கினால் எஃகு நூலளவு வளையும். வளைந்த எஃகின் அச்சு பிசினில் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை திருகும்போதும் எஃகு வளைந்தே உட்காரும். அந்த வளைவோடு சுட்டால் குறி இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம்.

மருத்துவருக்கு அழுத்தம் வெளியிலிருந்து வருவதில்லை, பிசினுக்குள்ளிருந்தே வருகிறது. அவருடைய பிசின் இறுகும்போது கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். ஐந்து பக்கமும் ஒட்டிக்கொண்ட குழியில் அது சுருங்கினால், ஒன்று ஒட்டு விடும், அல்லது பல்லின் சுவரை உள்ளே இழுக்கும். அதனால்தான் அவர் ஒரேயடியாக நிரப்பாமல் இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் விளக்கு காட்டுகிறார். எபாக்ஸி சுருங்குவது குறைவு, மெதுவாகவும் இறுகும். நண்பர் ஒரே ஊற்றில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அவசரமில்லாத பொருளுக்கு அவசரமில்லாத கை. அவசரப் பொருளுக்கு அளந்து அளந்து வைக்கும் கை. இதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், என் ஓட்டு மருத்துவருக்கே. அவர் ஈரமான, அசையும், எச்சில் ஊறும், நடுவில் தும்மும் பட்டறையில் வேலை பார்க்கிறார்.

ஈரம் என்றதும் இன்னோர் இணை. 1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர், துளையிட்ட ரப்பர்த் தாளைப் பல்லில் மாட்டி எச்சிலுக்கு அணை கட்டினார். நண்பரின் களிமண் பிசினுக்கு அணை, பார்னமின் ரப்பர் எச்சிலுக்கு அணை. ஆனால் மரத்துக்கு ஈரம் வேலை நாளோடு முடிவதில்லை. 1966 முதல் வியட்நாமில் அமெரிக்க மரீன் படையினர் பயன்படுத்திய எம்40 ரைஃபிள், ரெமிங்டன் 700இன் வாரிசுதான். அதன் வால்நட் கட்டைகள் அந்நாட்டுப் புழுக்கத்தில் உப்பி முறுக்கிக்கொண்டன. 1970களில் வந்த எம்40ஏ1க்குக் கட்டையையே கண்ணாடி இழையில் செய்தார்கள். படுகையில் இருந்த கண்ணாடி கட்டை முழுவதையும் எடுத்துக்கொண்டது. பல்லிலும் இதே ஆக்கிரமிப்புதான்: பாதரசக் கலவையைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் விலக்கிவிட்டது. அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வருவது கண்ணாடி கலந்த பிசின்தான்.

அடுத்து, ஒட்டக் கூடாததன் இன்னொரு முகம். ரெமிங்டனில் ஆக்‌ஷனுக்கும் குழலுக்கும் நடுவே வாஷர் போலச் செருகிய தடித்த எஃகுத் தகடு ஒன்று கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னுதைப்பு முழுவதையும் கட்டையிடம் ஒப்படைப்பது அதன் பின்முகம். நண்பர் அந்தத் தகட்டின் முன்புறம், இரு பக்கம், அடி ஆகிய இடங்களில் டேப் ஒட்டினார். பின்முகத்தை மட்டும் வெறுமனே விட்டார். பிசின் இறுகி, டேப்பை உரித்தபின், பின்முகம் மட்டும் படுகையோடு முத்தமிட்டு நிற்க, மற்ற பக்கங்களில் மயிரிழை இடைவெளி. சுமை தாங்கும் இடத்தில் முழுத் தொடுகை, தாங்காத இடத்தில் தொடாமை. குழலுக்கும் அப்படியே. கட்டையின் மடியில் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் அது எங்கும் தொடக் கூடாது. தொட்டால் சுடும்போது எழும் அதிர்வு சூட்டுக்குச் சூடு மாறும். நண்பர் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி, முனையிலிருந்து ஆக்‌ஷன்வரை இழுத்துக் காட்டினார். நோட்டு எங்கும் சிக்கவில்லை.

மருத்துவரிடமும் ஒரு நோட்டு உண்டு: எட்டு மைக்ரான் தடிமனுள்ள உலோகத் தாள். கடித்திருக்கும்போது அதை இழுத்துப் பார்ப்பார். அவருக்கு அது சிக்க வேண்டும். நழுவினால் அந்தப் பல் சுமையைத் தாங்கவில்லை என்று பொருள். ஒருவர் தாள் நழுவினால் சிரிக்கிறார், இன்னொருவர் தாள் சிக்கினால் சிரிக்கிறார்.

அளவிலும் இருவரும் அண்டை வீட்டுக்காரர்கள். முன்திருகைத் தளர்த்தும்போது எஃகு எவ்வளவு எழும்புகிறது என்பதை நண்பர் டயல் கேஜில் பார்த்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் இருந்தால் நல்ல படுகை என்பது அவர்கள் கணக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 25 மைக்ரான். நம் பற்களுக்கிடையே ஏறக்குறைய அந்த அளவுள்ள ஒன்று வந்தாலே தெரிந்துவிடும். சோற்றில் ஒரு மணல் துணுக்கு போதும். பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, மெல்லிய நார்களில் தொங்குகிறது. அந்த நார்களின் நரம்புகள்தாம் நம் டயல் கேஜ். குழலைத் தொடாமல் மிதக்கவிட மனிதர் மெனக்கெடுகிறார்கள். பல்லை இயற்கை முதலிலிருந்தே மிதக்க விட்டிருக்கிறது.

ஏன் ஒன்றை வீட்டில் செய்யலாம், இன்னொன்றைச் செய்யக் கூடாது? கைத்திறன் ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அல்ல. படுகை பிழைத்தால் சுரண்டி எடுத்து மறுபடி ஊற்றலாம். கட்டையே போனாலும் வேறு கட்டை வாங்கலாம். இறுகாத பிசின் வழிந்தால் துடைக்கச் சமையலறை வினிகர் போதும். எனாமல் ஒருமுறை போனால் போனதுதான், உடம்பு அதை மறுபடி செய்து தராது. நண்பரின் வேலை கெட்டால் ஒரு வேட்டைப் பருவம் போகும். மருத்துவரின் வேலை கெட்டால் ஒரு பல் போகும்.

என் அடைப்பு சற்றுத் தூக்கலாக அமைந்துவிட்டது. மருத்துவர் நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லத்தான் செய்தார். ஊசி போட்டு மரத்துப்போன தாடையோடு நானும் 'சரியாக இருக்கிறது' என்றேன். அளவுகருவியை உறங்க வைத்துவிட்டு அளந்தோம். மரமரப்பு விட்டதும் இட்லியைக் கடித்தால்கூட அந்தப் பல்தான் முதலில் முட்டியது. பழகிவிடும் என்று நான்கு நாள் பொறுத்தேன். பல் கூசி, பிறகு வலியே வந்துவிட்டது. திரும்பப் போனேன். இம்முறை ஊசி இல்லை. தாளில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. பத்து விநாடி ராவல். வலி இரண்டு நாளில் போயிற்று. நண்பரின் டயல் கேஜ் முள்ளோ முதல் நாளே ஒரு கோட்டைத் தாண்டவில்லை.

பல் அடைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் மரமரப்பு விட்டதும் ஒருமுறை மெல்லக் கடித்துப் பாருங்கள். முட்டுகிறது என்றால் அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.